பயோ எடுத்தால் பொய்யா?

அண்ணன் மகளுக்கு ஆறாம் படிவத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. கணிதம், வேதியியல், பெங்காஜியான் ஆம் மூன்றும் எப்படியும் உண்டு. நான்காவதாக இயற்பியலா உயிரியலா என்ற கட்டத்தை மட்டும் பாரத்தில் நிரப்பாமல் வைத்திருந்தாள். ஒரு சனிக்கிழமை மாலை என் வீட்டுக்கு வந்து, மைலோவைக் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு கேட்டாள்.

"அத்த, நான் டாக்டருக்குப் போகப் போறதில்ல. ஆனா எனக்கு பயோ பிடிக்கும். பயோ எடுத்தா, டாக்டருக்குத்தான் படிக்கிறேன்னு அப்பா நெனச்சுக்குவாரு. அப்ப நான் பொய் சொன்ன மாதிரி ஆயிருமா?"

நான் உடனே சொன்ன பதில் இதுதான்: "நீ எடு. அப்பாகிட்ட ஒன்னும் சொல்லாத. பின்னால பாத்துக்கலாம்."

அவள் சந்தோஷமாகக் கிளம்பிப் போனாள். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவள் கேள்வியை நான் யோசிக்கவே இல்லை. 2005இல் எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதிலை, இத்தனை வருடம் எங்கேயோ மடித்து வைத்திருந்து, கேட்டவுடன் எடுத்து நீட்டியிருக்கிறேன். அது சரியான பதிலா என்று ஒருமுறைகூடப் பிரித்துப் பார்த்ததில்லை.

நம் வீடுகளில் உயிரியலை யாரும் ஒரு பாடமாகப் பார்ப்பதில்லை. அது டாக்டர் அறைக்கு வெளியே போட்டிருக்கும் நாற்காலி. இயற்பியல் எடுக்கும் பிள்ளையிடம் 'என்னவாகப் போற?' என்று கேட்கிறவர்கள், உயிரியல் எடுக்கும் பிள்ளையிடம் 'எங்க போய் படிக்கப் போற, இங்கயா இந்தோனேசியாவா?' என்றுதான் கேட்பார்கள். இதைக் கிண்டல் செய்வது சுலபம். டாக்டர் கனவு காணும் தகப்பன் நம் கதைகளில் பெரும்பாலும் ஒரு நகைச்சுவைப் பாத்திரம். எனக்கு அந்தக் கிண்டலில் உடன்பாடு இல்லை. என் அப்பா பிறந்த தோட்டத்தில் ஆஸ்பத்திரி என்பது ஒரு பலகை வீடு, ஒரு டிரெசர், ஒரு பெரிய போத்தல் மருந்து. அப்பாவின் தங்கை ஒருத்தி நான்கு வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள். என்ன காய்ச்சல் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. அப்பா 'டாக்டரு' என்று சொல்லும்போது காரையும் சம்பளத்தையும் நினைத்துச் சொன்னதாக எனக்குத் தோன்றியதில்லை. அது என்ன காய்ச்சல் என்று நம்மில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அதைத்தான் அவர் அந்த ஒரு சொல்லில் சொன்னார்.

அண்ணனுக்கும் அந்தக் கனவு அப்படியே வந்திருக்கிறது. 2021 ஜூலை 26ஆம் தேதி ஒப்பந்த டாக்டர்கள் கறுப்பு உடையில் ஆஸ்பத்திரிகளுக்கு வெளியே வந்து நின்ற செய்தியைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "படிச்சவனுக்கே இந்த நெலமையா" என்றார். ஆனால் மகளைப் பற்றிய திட்டத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

நான் கீழ் ஆறில் உயிரியல் எடுத்தபோது எனக்கும் டாக்டராகும் எண்ணம் இல்லை. ரத்தம் எனக்குப் பயமில்லை. படுத்திருக்கும் மனிதரின் முகத்தைப் பார்த்துப் பேசுவதுதான் பயம். அப்பா ஒருநாளும் 'நீ டாக்டராகப் போறியா?' என்று கேட்கவில்லை. அதனால் நானும் ஒருநாளும் 'ஆமாம்' என்று சொல்லவில்லை. நான் பொய்யே சொல்லவில்லை என்று எனக்கு நானே கணக்குக் காட்ட அது போதுமாக இருந்தது. கோயில் வாசலில் அப்பா யாரிடமாவது 'மக டாக்டருக்குப் படிக்குது' என்று ஆரம்பித்தால், நான் குனிந்து செருப்பைத் தேடுவதில் மும்முரமாகிவிடுவேன். அண்ணன் அப்போது எஸ்.பி.எம். முடித்துவிட்டு லோரியில் கெலிண்டானாகப் போய்க்கொண்டிருந்தார். என் டியூசனுக்கு மாதம் 120 ரிங்கிட் அவர் கையிலிருந்துதான் வந்தது.

மேல் ஆறில் எலியை அறுத்துப் பார்க்கும் செய்முறை வகுப்பு ஒன்று இருந்தது. எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு வெள்ளை எலி வாங்கி வரச் சொன்னார்கள். அண்ணன்தான் என்னை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு டவுனில் இருந்த கடைக்குப் போனார். திரும்பி வரும்போது அட்டைப்பெட்டி என் மடியில் இருந்தது. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அண்ணன் தலையைத் திருப்பி, "உயிரோடதானே இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

பாடப் புத்தகத்தில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். திறந்து பார்த்தால் உள்ளே அந்த நிறங்கள் எதுவும் இல்லை. ஈரமான பழுப்பும் வெளிறிய இளஞ்சிவப்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. கணையத்தைக் கண்டுபிடிக்கவே எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. எலிக்குக் கணையம் ஒரு கட்டியாக இருக்காது. குடலைத் தாங்கும் சவ்வில் சிதறி, பார்ப்பதற்குக் கொழுப்பைப் போலவே இருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்த்த அந்த நிமிடத்தில்தான் எனக்கு இந்தப் பாடம் பிடித்துப்போனது. பக்கத்து மேசையில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். நாளைக்கு நீங்கள் எல்லாம் டாக்டராகி எத்தனை உயிரைக் காப்பாற்றப் போகிறீர்கள் என்று ஆசிரியை அவளைத் தேற்றினார். அழுதவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தச் சமாதானம் எனக்குப் பொருந்தாது என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

எஸ்.டி.பி.எம். முடிந்து பல்கலைக்கழகத்துக்கு மனுச் செய்தபோது, மருத்துவத்தை நான் பட்டியலில் போடவே இல்லை. உயிர்மருத்துவ அறிவியலுக்கு இடம் வந்தது. அப்பாவிடம், "டாக்டருக்குக் கெடைக்கலப்பா" என்றேன்.

ஒன்றரை வருட மௌனத்துக்குப் பிறகு நான் சொன்ன முதல் பொய் அது. அப்பா கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "நம்ம பிள்ளைங்களுக்கு எங்க குடுக்கறாங்க" என்றார். அவர் அதை அன்றோடு விடவில்லை. கல்யாண வீடுகளில், துக்க வீடுகளில், தேர்தல் சமயத்தில் சாப்பாட்டுக் கடை மேசைகளில் சொன்னார். நல்ல மதிப்பெண் எடுத்தும் இடம் கிடைக்காத பிள்ளைகள் நம்மிடையே உண்மையாகவே இருந்தார்கள், இருக்கிறார்கள். அவர்களுடைய உண்மையான வரிசையில் என் கள்ளக் கணக்கும் ஒன்றாக நின்றது. அப்பா 2014இல் இறக்கும்வரை அதைத் திருத்த எனக்குப் பல நூறு சந்தர்ப்பங்கள் இருந்தன.

மௌனமும் பொய்யும் ஒன்றா என்று கேட்டால், இல்லை என்று சொல்லப் பெரிய ஆட்கள் துணைக்கு இருக்கிறார்கள். பொய் விஷயத்தில் தத்துவ உலகிலேயே மிகக் கறாரான மனிதர் இம்மானுவேல் காண்ட். அவரே தன் அறவியல் வகுப்புகளில் ஒரு உதாரணம் சொல்கிறார். நான் பெட்டி கட்டுகிறேன். பார்க்கிறவர்கள் நான் பயணம் போகப் போவதாக நினைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் அப்படி நினைக்க வேண்டும் என்பதற்காகவே கட்டுகிறேன் என்றுகூட வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் நான் பொய் சொல்லவில்லை, ஏனென்றால் என் மனதில் உள்ளதைச் சொல்வதாக நான் யாருக்கும் அறிவிக்கவில்லை. கல்லூரியில் இதைப் படித்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லி முடியாது. உயிரியல்தான் நான் கட்டிய பெட்டி. பார்த்தவர்கள் பயணம் என்று நினைத்தால் அது அவர்கள் பாடு.

திருக்குறளிலும் எனக்கு வசதியான ஒரு மூலை உண்டு. வாய்மை அதிகாரத்தின் இரண்டாவது குறள், குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறது. பேச்சுப் போட்டிகளில் அடிக்கடி காதில் விழும் குறள். அதற்கு அடுத்த குறளை நான் ரொம்ப நாள் கண்டுகொள்ளவில்லை. தன் மனம் அறிந்த ஒன்றைப் பொய்க்காதே, பொய்த்தால் அந்த மனமே உன்னைச் சுடும் என்கிற குறள். வள்ளுவர் இரண்டையும் ஏன் அடுத்தடுத்து வைத்தார் என்று உரைகளைப் புரட்டுவதைவிட, என் அப்பாவின் கதையை வைத்துக்கொண்டு யோசிப்பது எனக்குச் சுலபமாக இருக்கிறது. என் பொய்யால் அவருக்கு ஒரு நன்மை இருந்தது. மகள் விரும்பவில்லை என்பதைவிட மகளுக்குக் கொடுக்கவில்லை என்பது அவருக்குத் தாங்கக்கூடிய வலி. ஆனால் அந்த நன்மையில் குற்றம் கலந்திருந்தது. அவர் யார்மீதோ கோபப்பட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கோபத்தில் ஒரு பங்கு எனக்கு வந்திருக்க வேண்டியது.

காண்டின் பெட்டிக்குத் திரும்பி வருகிறேன். அந்த உதாரணத்தில் ஒன்று விடுபட்டிருக்கிறது. பெட்டியைப் பார்க்கிறவர் வெறுமனே பார்த்துவிட்டுப் போகிறார். அவருக்கு எந்தச் செலவும் இல்லை. நான் பயணம் போகிறேன் என்று நம்பி, வழிச்செலவுக்காக ஒருவர் தன் ஆட்டை விற்றுக்கொண்டு வந்து நின்றால்? அப்போதும் நான் பேசாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கலாமா? அந்த இடத்தில் மௌனம் வேறு ஒன்றாக மாறிவிடுகிறது என்று நினைக்கிறேன். ஊர் பார்த்து என்ன நினைக்கிறது என்பதற்கு நான் பொறுப்பில்லை. என் அத்தை, பக்கத்து வீட்டுக்காரர், கோயில் தலைவர் என்று எல்லோருக்கும் என் எதிர்காலத்தை அறிவிக்க வேண்டிய கடமை எந்தப் பதினேழு வயதுக்கும் கிடையாது. ஆனால் என் மௌனத்தை நம்பி யார் எதைச் செலவழிக்கிறார் என்று கேட்கும் கடமை உண்டு. 120 ரிங்கிட் எனக்குத் தெரிந்தே செலவானது. அந்தப் பணத்தில் அண்ணன் அப்போது லோரி லைசன்ஸ் எடுத்திருக்கலாம். இரண்டு வருடம் தள்ளித்தான் எடுத்தார்.

இப்போது அண்ணன் வீட்டுக் கூடத்தில், மழை வந்தால் இரண்டு வாளிகள் வைக்கிறார்கள். கூரையை மாற்றச் சொன்னால், "ஈ.பி.எஃப். பணத்துல கை வைக்கமாட்டேன், அது பாப்பா படிப்புக்கு" என்கிறார். என் பதில் எந்த இடத்தில் தப்பு என்று எனக்குப் புரிந்தது அந்த வாளிகளை நினைத்தபோதுதான்.

அப்படியானால் அவள் இயற்பியல் எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே என்று தோன்றலாம். பெட்டியே கட்டாவிட்டால் யாரும் தப்பாக நினைக்க வழியில்லை. நேர்மைக்காக ஒரு பாடத்தைத் தியாகம் செய்வது பார்க்க அழகாக இருக்கும். எனக்கு அதில் சம்மதமில்லை. டாக்டராகாதவருக்கு உயிரியல் எதற்கு என்ற கேள்விக்கு அது தலையை ஆட்டிவிடுகிறது. அந்தக் கேள்விக்கு நம் ஆட்கள் உயிரையே விலையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

1901இல் மால்கம் வாட்சன் என்ற இளம் டாக்டர் கிள்ளானுக்கு வந்தார். மலேரியாவில் ஊரே சுருண்டு கிடந்த சமயம். கரையோரச் சமவெளியில் காட்டை வெட்டி, சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்ததும் காய்ச்சல் இறங்கியது. அங்கே காய்ச்சலைப் பரப்பிய அனோஃபிலிஸ் அம்பிரோசஸ் என்ற கொசு நிழலில் தேங்கிய தண்ணீரில் பெருகுவது. காடு போனதும் அதுவும் போனது. பிறகு ரப்பர் தோட்டங்கள் மலைப்பக்கம் ஏறின. அங்கேயும் காட்டை வெட்டினார்கள். அங்கே காய்ச்சல் இறங்குவதற்குப் பதிலாக ஏறியது. காரணம், மலைப்பகுதியில் இருந்தது அனோஃபிலிஸ் மகுலாட்டஸ். வெயில் படும் தெளிந்த நீரோடையில் முட்டையிடும் கொசு. காட்டை வெட்டி ஓடைக்கு வெயிலைக் காட்டியது, அதற்கு வீடு கட்டிக் கொடுத்தது போல. ஒரே கத்தி, ஒரே வேலை. ஓரிடத்தில் ஆட்கள் பிழைத்தார்கள், இன்னோரிடத்தில் லயம் லயமாகப் படுத்தார்கள். அந்த லயங்களில் படுத்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். இரண்டு கொசுக்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கத் தெரிந்த பிறகுதான், மலைத்தோட்டங்களில் என்ன செய்வது என்று தெரிந்தது. அங்கே ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய் போட்டுக் கொண்டுபோனார்கள், தண்ணீரில் எண்ணெய் தெளித்தார்கள்.

இது பழைய கதை என்றால் புதியது ஒன்றும் உண்டு. நான் இப்போது ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் ரத்தப் பரிசோதனை வேலையில் இருக்கிறேன். மலேரியாக் கிருமிகளில் மலேரியே என்று ஒரு வகை, நோலெசி என்று ஒரு வகை. நுண்ணோக்கியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே முகம். முதலாவது மெதுவானது, 72 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். இரண்டாவது குரங்குகளிடமிருந்து கொசு வழியாக நமக்கு வருவது, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும், ஆளையே கொன்றுவிடக்கூடியது. சரவாக்கின் காப்பிட் பகுதியில் மலேரியே என்று எழுதிக்கொண்டிருந்த காய்ச்சல்களில் பல உண்மையில் நோலெசி என்று பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ்-சிங் குழுவினர் மரபணுச் சோதனை செய்து 2004இல் காட்டினார்கள். அதுவரை அந்த நோயாளிகளின் தாளில் தப்பான பெயர் இருந்தது. என்ன காய்ச்சல் என்று தெரியாமல் போன என் அத்தையின் ஞாபகம், இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வரும்.

எலியின் கணையத்தையும் கொழுப்பையும் பிரிக்க நாற்பது நிமிடம் குனிந்திருந்ததும், இதுவும் ஒரே வேலைதான். ஒன்றைப் போலவே இருக்கும் இன்னொன்றை, பொறுமையாக, அதுவேதான் என்று சொல்லிவிடாமல் பார்ப்பது. அது அறிவு சம்பந்தப்பட்டது மட்டும்தானா, அறம் சம்பந்தப்பட்டதும்தானா என்று என்னால் கோடு போட முடியவில்லை. மௌனத்தையும் பொய்யையும் பிரித்துப் பார்க்கவும் இதே கண்தான் வேண்டியிருக்கிறது. இப்போதைய ஆறாம் படிவத்தில் முதல் தவணை உயிர் மூலக்கூறுகள், இரண்டாவது உடலியங்கியல், மூன்றாவது சூழலியலும் மரபியலும். அண்ணன் மகளுக்குப் பிடித்தது அந்த மூன்றாவது. வீட்டுக்குப் பின்னால் சாக்கடை ஓரத்தில் என்னென்ன தும்பி வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். அப்பா மனம் நோகும் என்று அவள் இதை விட்டுவிடுவதும் எனக்கு நேர்மையாகப் படவில்லை. பிடிக்காத பாடத்தை எடுத்துப் பிடித்த மாதிரி இருப்பதும் ஒரு பெட்டி கட்டுதல்தானே.

ஒரு நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் மடக்கினார். பதினெட்டு வயதில் ஒரு பிள்ளை 'டாக்டராக மாட்டேன்' என்று சொல்வதை எப்படி உண்மை என்று எடுத்துக்கொள்கிறாய்? மூன்றாவது தவணையில் மனம் மாறலாம். இப்போதே சொல்லி வீட்டை ஏன் கலக்க வேண்டும்? நியாயமான கேள்வி. என் வகுப்பில் அழுத அந்தப் பெண் இன்று பல் மருத்துவர். அன்று அவளைக் கேட்டிருந்தால் எலியைத் தொடவே மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் அண்ணன் மகள் வாக்குறுதி ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. 'இப்போதைக்கு எனக்கு அந்த எண்ணம் இல்லப்பா, பாடம் பிடிச்சு எடுக்கிறேன்' என்று இன்றைக்கு உண்மையாக இருப்பதைச் சொன்னால் போதும். நாளை மாறினால் நாளை சொல்லலாம். கூரையை மாற்றுவதா வேண்டாமா என்று அண்ணன் அதை வைத்து முடிவு செய்துகொள்வார். அவர் தெரிந்தே வாளி வைத்தால் அது அவர் முடிவு. தெரியாமல் வைத்தால் அந்த முடிவை நாங்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதாக ஆகிறது.

அவளைக் கூப்பிட்டு, "நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. பயோ எடு. ஆனா அப்பாகிட்ட சொல்லிட்டு எடு" என்றேன்.

"அப்பா பயோ வேணாம்னு சொல்லிட்டா?"

"சொல்லலாம்."

"ஈசியா சொல்றீங்க அத்த. நீங்க தாத்தாகிட்ட சொன்னீங்களா?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அதை அவளிடம் சொல்வதற்கு முன்னால் சொல்ல வேண்டிய ஆள் வேறு. "முதல்ல நான் சொல்றேன். அதுக்கப்புறம் நீ சொல்லு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று, மனுவில் மருத்துவத்தை நான் போடவே இல்லை என்பதைச் சொன்னேன். அப்பாவிடம் பொய் சொன்னதைச் சொன்னேன். ஆரம்பத்திலிருந்தே எனக்கு அந்த எண்ணம் இல்லை என்பதையும் சொன்னேன். அண்ணன் குழாயை மூடவில்லை. தண்ணீர் டயரில் அடித்துக்கொண்டே இருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். டியூசன் காசைப் பற்றிக் கேட்பார் என்று பதில்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"அப்ப அந்த எலி?" என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"மோட்டார்ல வச்சுக் கொண்டாந்தோமே. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைன்னுதான் நான் மனசத் தேத்திக்கிட்டேன். அதுவும் சும்மாவா?"

"சும்மா இல்லண்ணே. நான் அத நல்லாப் பாத்தேன்."

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குழாயை மூடிவிட்டு, பின்பக்க டயரைக் கழுவ வாளியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். ஜன்னல் ஓரத்தில் பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். பாரம் கொடுக்க வியாழக்கிழமை கடைசி நாள்.